சிறப்புக் கல்விச் சொற்கள்: மதிப்பீட்டு ரிப்போர்ட் முதல் ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) வரை, பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

"மைல்ட் ஐ.டி. வித் ஆட்டிஸ்டிக் ஃபீச்சர்ஸ். எஸ்.க்யூ. 58. அட்வைஸ்டு: ஐ.இ.பி., ஓ.டி., ஸ்பீச் தெரபி, ரிவ்யூ ஆஃப்டர் 6 மன்த்ஸ்." குழந்தையை மதிப்பீட்டுக்கு அழைத்துப்போன பெற்றோரில் பலர் இப்படி ஒரு வரியோடுதான் வீடு திரும்புகிறார்கள். விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஆனால் அந்த வரியில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் அடுத்து நடக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது என்ன வேலை, யார் செய்ய வேண்டியது என்று பெற்றோருக்குத் தெரியாவிட்டால் ரிப்போர்ட் பீரோவிலேயே கிடந்துவிடும். தமிழ்நாட்டில் பள்ளி வயதுக் குழந்தை உள்ள பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

படி 1: ஃபைலை மூன்றாகப் பிரியுங்கள்

குழப்பத்தில் பாதி, மூன்று வேறு இடங்களின் சொற்களை ஒன்றாகப் போட்டுக்கொள்வதால் வருகிறது. மருத்துவரும் உளவியலாளரும் எழுதுவது நோயறிதல், அதாவது டயக்னோசிஸ். அரசு மருத்துவக் குழு எழுதுவது சதவீதம். அது சட்டத்துக்கான கணக்கு. பள்ளியும் சிறப்பாசிரியரும் எழுத வேண்டியது, இந்தப் பிள்ளை இப்போது என்ன செய்கிறது, அடுத்து என்ன கற்க வேண்டும் என்பது. ஒரு ஃபைலில் மூன்று பிரிவு வைத்து, ஒவ்வொரு காகிதத்தையும் அதனதன் இடத்தில், தேதி வரிசையில் வையுங்கள்.

பள்ளியில் "75 சதவீதமா? அப்படின்னா இவனால படிக்க முடியாதே" என்று யாராவது சொன்னால், அவர்கள் சட்டக் கணக்கை எடுத்துக் கல்விக்குப் பொருத்துகிறார்கள் என்று அர்த்தம். பிள்ளை எதைக் கற்கும், எப்படிக் கற்கும் என்று அந்த எண் எதுவும் சொல்வதில்லை. மூன்றாவது பிரிவு காலியாக இருக்கிறது என்றால், பள்ளி செய்ய வேண்டிய வேலை இன்னும் தொடங்கவில்லை.

படி 2: ரிப்போர்ட்டைக் கீழிருந்து மேலே படியுங்கள்

முதலில் கடைசிப் பக்கத்தில் உள்ள "இம்ப்ரெஷன்" அல்லது "டயக்னோசிஸ்" வரியைப் பாருங்கள். அதில் நோயின் பெயரைவிட முன்னும் பின்னும் உள்ள சின்னச் சொற்கள் முக்கியம். "ப்ரொவிஷனல்" என்றால் தற்காலிக முடிவு. திரும்பப் பார்க்க வேண்டும். "ஃபீச்சர்ஸ் சஜஸ்டிவ் ஆஃப்" என்றால் அறிகுறிகள் தெரிகின்றன, உறுதியாகவில்லை. "ரூல் அவுட்", சில இடங்களில் "ஆர்/ஓ", என்று ஒரு பெயருக்கு முன் இருந்தால், அது இருக்கிறதா இல்லையா என்று இன்னொரு பரிசோதனை செய்து தெளிவுபடுத்தச் சொல்கிறார்கள். "ஆர்/ஓ ஆட்டிசம்" என்பதைக் "குழந்தைக்கு ஆட்டிசம்" என்று படித்துவிட்டு உடைந்துபோகிறவர்கள் உண்டு. உறுதியாகாத எந்தச் சொல்லுக்கும் பக்கத்தில் "எப்போது, யாரிடம், எந்த டெஸ்ட்டில் உறுதியாகும்?" என்று பென்சிலால் எழுதிவைத்து, அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

அடுத்து டெஸ்ட்டுகளின் பெயர்கள். தமிழ்நாட்டில் அடிக்கடி வருபவை சில.

செகுயின் ஃபார்ம் போர்டு: பத்து மரவடிவங்களை அதனதன் குழியில் பொருத்தும் பலகை. மூன்று முறை செய்யச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். பேச்சு தேவையில்லை. ஆனால் பெருமூளை வாதத்தால் கை சரியாக வராத பிள்ளைக்கு, வடிவம் புரிந்தாலும் நேரம் கூடிவிடும்; மதிப்பெண் குறையும்.

பினே காமத், சுருக்கமாகப் பி.கே.டி.: கேள்வி பதில் நிறைய உள்ள நுண்ணறிவுச் சோதனை. பேச்சு வராத பிள்ளையை இதைக்கொண்டு மட்டும் அளந்தால், அளப்பது அறிவை அல்ல, பேச்சை.

வி.எஸ்.எம்.எஸ்.: வைன்லேண்டு சமூக முதிர்ச்சி அளவுகோலின் இந்திய வடிவம். சாப்பிடுவது, உடுத்துவது, கடைக்குப் போய்வருவது போன்ற அன்றாடக் காரியங்களைப் பெற்றோரிடம் கேட்டு நிரப்புவார்கள். இதிலிருந்து வருவதுதான் எஸ்.ஏ. (சமூக வயது), எஸ்.க்யூ. (சமூக ஈவு).

ஐ.எஸ்.ஏ.ஏ.: ஆட்டிசத்துக்கான இந்திய அளவுகோல். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை மைல்ட், 107 முதல் 153 வரை மாடரேட், அதற்கு மேல் சிவியர்.

கடைசி இரண்டிலும் மதிப்பெண்ணில் உங்கள் பதிலுக்குப் பெரும் பங்கு உண்டு. பிள்ளையின் மிக நல்ல நாளையோ மிக மோசமான நாளையோ சொல்லாமல், சாதாரண நாளில் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். நம் வீடுகளில் ஏழு வயதுவரை ஊட்டிவிடுவது வழக்கம். "தானாகச் சாப்பிடுவானா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று மட்டும் சொன்னால் திறமை இல்லை என்று பதிவாகும். "சாப்பிடத் தெரியும், சிந்துவான் என்று நாங்கள் ஊட்டுகிறோம்" என்று முழுதாகச் சொல்லுங்கள். எந்த மொழியில் சோதித்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த குழந்தையை ஆங்கிலத்தில் சோதித்த ரிப்போர்ட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

படி 3: எண்ணை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

எஸ்.க்யூ. கணக்கு எளிது. சமூக வயதை உண்மையான வயதால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். பிள்ளைக்கு ஆறு வயது, அதாவது 72 மாதம். வி.எஸ்.எம்.எஸ்.படி சமூக வயது மூன்றரை, அதாவது 42 மாதம். 42 வகுத்தல் 72, பெருக்கல் 100: எஸ்.க்யூ. 58.

இதே பிள்ளைக்கு எட்டு வயதில் மறுபடி சோதிக்கிறார்கள். இப்போது சமூக வயது 4 வருடம் 8 மாதம். 56 வகுத்தல் 96: மறுபடியும் 58. "ரெண்டு வருஷம் தெரபிக்கு அலைஞ்சும் அதே எண்தானா" என்று மனம் விட்டுப்போகும். ஆனால் நடந்தது என்ன? பிள்ளை 14 மாத அளவுக்குப் புதிதாகக் கற்றிருக்கிறது. வகுக்கும் எண்ணும் கூடவே வளர்வதால் விகிதம் நகரவில்லை, அவ்வளவுதான். முன்னேற்றம் பார்க்க எஸ்.க்யூ.வையோ ஐ.க்யூ.வையோ நம்பாதீர்கள், மாதங்களில் சொல்லப்படும் சமூக வயதையும், ஐ.இ.பி.யில் எட்டிய இலக்குகளையும் பாருங்கள்.

"மென்டல் ஏஜ் 4" என்பதும் இதே மாதிரி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அந்தச் சோதனையில் வாங்கிய மதிப்பெண் சராசரி நான்கு வயதுக் குழந்தை வாங்குவதற்குச் சமம் என்பதே பொருள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை நான்கு வயதுக் குழந்தையாக நடத்தச் சொல்லும் சொல் அல்ல அது. அவளுக்குப் பன்னிரண்டு வயதின் உடல், கூச்சம், விருப்பு வெறுப்பு எல்லாம் உண்டு.

படி 4: ஒன்றுபோல் தோன்றும் பெயர்களைப் பிரித்தறியுங்கள்

ஜி.டி.டி. என்பது குளோபல் டெவலப்மென்டல் டிலே: ஐந்து வயதுக்குள், பல துறைகளில் வளர்ச்சி பின்தங்கும்போது வைக்கும் பெயர். ஐந்து வயதுக்குப் பின் மறுமதிப்பீடு செய்து வேறு பெயர் வரும், அல்லது பெயரே தேவைப்படாமலும் போகலாம். ஐ.டி. என்பது அறிவுசார் குறைபாடு. நுண்ணறிவு, அன்றாட வாழ்வுத் திறன் இரண்டும் குறைந்திருந்தால்தான் இந்தப் பெயர்.

அதிகம் குழம்புவது எஸ்.எல்.டி.யும் "ஸ்லோ லேர்னர்" என்பதும். எஸ்.எல்.டி., அதாவது குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு நுண்ணறிவு சராசரியோ அதற்கு மேலோ இருக்கும். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று ஒரு குறிப்பிட்ட இடத்தில் இடறும். டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா, டிஸ்கால்குலியா எல்லாம் இதற்குள் வருபவை. 'நிம்ஹான்ஸ் பேட்டரி' என்ற சோதனைத் தொகுப்பால் உறுதிசெய்வார்கள். மத்திய அரசு நெறிமுறைப்படி எட்டு வயதிலிருந்துதான் சான்றிதழ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'b', 'd' மாற்றி எழுதுவதற்கு எஸ்.எல்.டி. முத்திரை குத்த யாராவது அவசரப்பட்டால் பொறுத்திருக்கச் சொல்லுங்கள். ஆனால் வாசிப்புப் பயிற்சிக்குச் சான்றிதழ் தேவையில்லை. அதை இன்றே தொடங்கலாம்.

ஸ்லோ லேர்னர் என்று பள்ளிகள் சொல்வது பெரும்பாலும் ஐ.க்யூ. அல்லது எஸ்.க்யூ. 70 முதல் 84 வரை உள்ள பார்டர்லைன் பிள்ளைகளை. நெறிமுறையில் இவர்களுக்கு 25 சதவீதக் குறைபாடுதான் வரும். சலுகைக்கு வேண்டிய 40ஐ எட்டாது. எஸ்.எல்.டி. சலுகையும் கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடும் இந்தப் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பாசிரியரின் உதவி அதிகம் வேண்டும். பத்தாம் வகுப்பு பெரும் சுமையாகத் தெரிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியை யோசிக்கலாம். அங்கே ஐந்து ஆண்டுகளுக்குள், ஒவ்வொரு பாடமாகத் தேறிச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏ.டி.ஹெச்.டி. பற்றி ஒன்று மட்டும்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 குறைபாடுகளின் பட்டியலில் அது தனியாக இல்லை. எஸ்.எல்.டி.யோ ஆட்டிசமோ சேர்ந்திருந்தால் அதன் பெயரில்தான் சான்றிதழ் வாங்க முடியும்.

படி 5: சான்றிதழும் சதவீதமும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016தான் அடிப்படை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் 21 ஆயின. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் "பெஞ்ச்மார்க் டிசபிலிட்டி". அப்படிப்பட்ட பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைப் பிரிவு 31 தருகிறது.

அறிவுசார் குறைபாட்டுக்குச் சதவீதம் வி.எஸ்.எம்.எஸ். மதிப்பெண்ணிலிருந்து வருகிறது: 55 முதல் 69 வரை மைல்ட், 50 சதவீதம்; 36 முதல் 54 வரை மாடரேட், 75; 21 முதல் 35 வரை சிவியர், 90; 20 வரை ப்ரொஃபவுண்டு, 100. மேலே கணக்குப் போட்ட பிள்ளையின் 58 இப்படித்தான் 50 சதவீதமாகிறது. பாதி மூளை வேலை செய்யவில்லை என்பதல்ல. பட்டியலில் அந்த வரிசைக்கு எதிரே அச்சிட்டிருக்கும் எண் அது.

தனியார் தெரபி சென்டர் தரும் ரிப்போர்ட் சான்றிதழ் ஆகாது. அரசு மருத்துவக் குழுதான் தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். அட்டையின் நிறமே அளவைக் காட்டிவிடும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். விண்ணப்பம் அடிக்கடி நிற்பது இனிஷியலில்தான். ஆதாரில் "ச. கவின்", பிறப்புச் சான்றிதழில் "கவின் சரவணன்" என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சான்றிதழில் "டெம்பரரி" என்று இருந்தால் எதுவரை செல்லும் என்ற தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, மூன்று மாதம் முன்பே புதுப்பிக்கக் கிளம்புங்கள். பத்தாம் வகுப்பில் சலுகை கேட்டு விண்ணப்பிக்கும் நேரத்தில் காலாவதியான சான்றிதழோடு நிற்பது, தவிர்த்திருக்கக்கூடிய துன்பம்.

படி 6: எதிரே இருப்பவர் யார் என்று கேளுங்கள்

சிறப்பாசிரியர், பேச்சு மற்றும் செவித்திறன் நிபுணர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கையெழுத்துக்குக் கீழே சி.ஆர்.ஆர். எண், அதாவது அந்தப் பதிவு எண், இருக்கும். இல்லாவிட்டால் கேளுங்கள், கேட்பது அவமரியாதை அல்ல. ஓ.டி. எனப்படும் செயல்வழி மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் ஆர்.சி.ஐ.க்குள் வர மாட்டார்கள், அவர்களிடம் பட்டம் பற்றிக் கேட்கலாம். 'ஷேடோ டீச்சர்' என்பவர் வகுப்பில் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து உதவுபவர். அவர் சிறப்பாசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆகவே பாடத் திட்டத்தை அவர் தலையில் கட்டக் கூடாது.

அரசுப் பள்ளிகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வருவார்கள். உங்கள் பள்ளிக்கு எந்தக் கிழமை என்று தலைமையாசிரியரிடம் கேட்டு, அன்று போய்ப் பாருங்கள். பள்ளிக்கே வர முடியாத நிலையில் உள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. ஆனால் வகுப்பில் சத்தம் போடுகிறான் என்பதற்காக ஒரு பிள்ளையை அதில் தள்ளக் கூடாது.

படி 7: அக்காமடேஷன், மாடிஃபிகேஷன்

இந்த இரண்டையும் பள்ளிகளே மாற்றி மாற்றிச் சொல்வதுண்டு. ஆனால் பிள்ளையின் எதிர்காலம் இதில் பிரிகிறது.

அக்காமடேஷனில் பாடம் மாறாது, வழி மாறும். பெரிய எழுத்தில் வினாத்தாள், முன்வரிசை இருக்கை, எழுதுவதற்குப் பதில் வாயால் பதில், கூடுதல் நேரம். அவன் எழுதுவது அதே தேர்வு, வாங்குவது அதே சான்றிதழ். மாடிஃபிகேஷனில் பாடமே மாறும். வகுப்பு பின்னம் கற்கும்போது இவன் சில்லறை எண்ணக் கற்பான். அது தவறல்ல, சில பிள்ளைகளுக்கு அதுதான் சரி. ஆனால் ஆண்டுகள் போகப் போகப் பொதுத்தேர்வுப் பாதை விலகிவிடும். எஸ்.எல்.டி. உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம் மட்டும் போதுமாயிருக்க, ஐந்தாம் வகுப்பிலிருந்து பாடத்தைக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் "போர்டு எக்ஸாம் எழுத முடியாது" என்றால், அந்த வழியை அடைத்தது குறைபாடு அல்ல. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் "பாடம் குறைகிறதா, கொடுக்கும் முறை மட்டும் மாறுகிறதா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் கிடைக்கும் சலுகைகள்: கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு. சி.பி.எஸ்.இ.யில் கூடுதல் நேரம் ஒவ்வொரு மணிக்கும் 20 நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு 60 நிமிடம். விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும் என்பதால் ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் பேச்சைத் தொடங்குங்கள். சொல்வதை எழுதுபவரோடு எழுதுவதும் பழக வேண்டிய ஒன்று. "மூணாவது கேள்விக்கு இப்படி எழுதுங்க" என்று கோவையாகச் சொல்லிப் பழகாத பிள்ளை, கிடைத்த சலுகையைப் பயன்படுத்த முடியாமல் தேர்வறையில் திணறும். காலாண்டுத் தேர்வு முதலே ஒத்திகை பார்க்கட்டும்.

படி 8: ஐ.இ.பி.யை வரிவரியாகப் படியுங்கள்

தனிநபர் கல்வித் திட்டம் என்பது இதுதான். நான்கு பகுதி இருக்க வேண்டும்: இப்போதைய நிலை, ஓராண்டு இலக்கு, மூன்று மாதக் குறுகிய இலக்குகள், யார் எப்போது மதிப்பிடுவார் என்ற விவரம். இப்போதைய நிலையை எழுத நம் சிறப்பாசிரியர்கள் பலர் மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், ஆக 360. பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று அதிலேயே தெரியும். அந்தத் தாளின் நகலைக் கேளுங்கள்.

மோசமான இலக்கு இப்படி இருக்கும்: "தன்வேலைத் திறன் மேம்படும்." இதை எட்டினானா இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல இலக்கு: "செப்டம்பர் இறுதிக்குள், சட்டையின் நான்கு பித்தான்களையும், வாயால் நினைவூட்டினால் மட்டும் போதும் என்ற நிலையில், ஐந்து நாளில் நான்கு நாள் போடுவான்." என்ன செய்வான், எவ்வளவு உதவியோடு, எத்தனை முறை, எப்போதைக்குள் என்ற நான்கும் இதில் இருக்கின்றன.

"எவ்வளவு உதவி" என்பதற்கான சொல்தான் ப்ராம்ப்ட். கையைப் பிடித்துச் செய்யவைப்பது ஃபிசிக்கல் ப்ராம்ப்ட். சைகை காட்டுவது ஜெஸ்ச்சுரல். வாயால் சொல்வது வெர்பல். எதுவும் இல்லாமல் செய்தால் இண்டிபெண்டன்ட். கைபிடித்துச் செய்த பிள்ளை இப்போது சைகை காட்டினாலே செய்கிறது என்றால், அதுவே முன்னேற்றம். ரிப்போர்ட்டில் அது பதிவாகிறதா என்று பாருங்கள்.

"டாஸ்க் அனாலிசிஸ்" என்றால் ஒரு வேலையைச் சின்னப் படிகளாக உடைப்பது. "பேக்வர்டு செய்னிங்" என்றால் கடைசிப் படியிலிருந்து கற்பிப்பது. பித்தானை நீங்களே ஓட்டைக்குள் பாதி நுழைத்துக் கொடுங்கள். வெளியே இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது வந்ததும் கால்வாசி நுழைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையில் முடிவதால், அடுத்த முறைக்கு மனம் வருகிறது. பழகும்போது பெரிய பித்தான் வைத்த பழைய சட்டையை மடியில் விரித்துச் செய்வது எளிது. உடம்பில் போட்ட சட்டை அதற்குப் பிறகு.

நடத்தை பற்றிய பக்கத்தில் ஏ.பி.சி. சார்ட் வரும். முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதனால் என்ன கிடைத்தது என்ற மூன்று கட்டம். கணக்கு வகுப்பில் கத்துகிறான், வெளியே அனுப்புகிறார்கள் என்று மூன்றாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்தால், கத்தினால் கணக்கிலிருந்து தப்பலாம் என்பதைப் பள்ளியே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. மாற்ற வேண்டியது கணக்கின் கடினத்தை; கற்றுத்தர வேண்டியது "ப்ரேக் வேணும்" என்று கேட்கும் வழியை.

ஐ.இ.பி. கூட்டத்தில் புரியாத சொல்லோடு கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு நாளை தருகிறேன் மேடம்" என்று சொல்லலாம்.

படி 9: மறுத்தால் எந்தச் சொல்லை எழுத வேண்டும்

"உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் சரிவராது" என்று வாயால் சொல்வார்கள், எழுதித் தர மாட்டார்கள். நீங்கள் எழுதுங்கள். பாகுபாடின்றிச் சேர்ப்பதும், தேவைக்கேற்ற நியாயமான வசதிகள் செய்து தருவதும் பிரிவு 16இன் கீழ் பள்ளியின் கடமை. சட்டத்தின் மொழியில் இந்த வசதிகளுக்கு "ரீசனபிள் அக்காமடேஷன்" என்று பெயர். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல் கட்டாயம் இருக்கட்டும். கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு ஆகியவை பிரிவு 17இல் உள்ளன.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, யு.டி.ஐ.டி. எண், கேட்கும் வசதிகள் ஒன்று இரண்டு என்று எண்ணிட்டு, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பது. கோபம் நியாயமானதாக இருந்தாலும் கடிதத்தில் வேண்டாம். வசதிகள் பற்றிய வரிகள் மட்டும் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதை ஃபைலில் மூன்றாவது பிரிவில் வையுங்கள். பதில் வராவிட்டால் அதே கடிதத்தின் நகலோடு முதன்மைக் கல்வி அலுவலருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் மனு கொடுக்கலாம். அங்கும் நகரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். அந்தப் புகாரோடு முத்திரை வாங்கிய பிரதியையோ தபால் ஒப்புகையையோ இணையுங்கள்.